தாய்வளவும் தந்தையுரிமையும்
பிரிந்து வாழும் பெற்றோரின் பிள்ளைகள் குறித்த யாழ்ப்பாண வழக்காறும் சட்டமும்

கணவனும் மனைவியும் ஒருங்கு வாழுங் காலத்தில் பிள்ளை யாருக்குரியது என்ற வினாவுக்கு இடமில்லை. அவர்கள் பிரியும்போதே அவ்வினா எழுகின்றது. அதற்கு ஒரு சமூகம் கூறும் விடையிலிருந்து, அச்சமூகம் நிலத்தையும் உறவையும் அதிகாரத்தையும் எவ்வாறு ஒழுங்குசெய்துள்ளது என்பதை நாம் அறிந்துகொள்ள முடிகின்றது. யாழ்ப்பாணத்தில் இவ்வினாவுக்குக் கடந்த மூன்று நூற்றாண்டுகளாக ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் வழங்கி வந்துள்ளன. தேசவழமை ஒரு விடையைப் பதிவு செய்தது. உரோமன்-டச்சுச் சட்டம் அதற்கு மாறான விடையொன்றைக் கொணர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் நீதிமன்றங்கள் 'பிள்ளையின் நலன்' என்ற மூன்றாவது விடையை நோக்கிப் படிப்படியாக நகர்ந்தன. இவ்விடைகள் எவ்வாறு தோன்றின, ஊரின் நடைமுறையோடு எவ்வாறு மோதின என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். வலிகாமத்துச் செம்மண் நிலக் கிராமமாகிய உரும்பிராயின் குடியிருப்பு முறை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காறுகள் முதன்முதலாக முறைப்படி தொகுக்கப்பட்டது ஒல்லாந்தர் காலத்திலாகும். ஆளுநர் கொர்னேலிஸ் யொவான் சைமன்ஸ் இட்ட கட்டளைக்கிணங்க, நீண்ட காலம் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் 1706-1707ஆம் ஆண்டுகளில் இத்தொகுப்பினை ஆக்கினார். அது தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, பன்னிரு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டு, அவர்களது ஒப்புதலையும் பெற்றது. பின்னர் பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தின் மூலம் அதற்கு முழு வலுவளித்தனர். தேசவழமை என்றவுடன் முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் மூவகைச் சொத்துகளே நம் நினைவுக்கு வருகின்றன. நீதிமன்றங்களும் அதனைப் பெரும்பாலும் சொத்துச் சட்டமாகவே நோக்கி வந்துள்ளன. ஆயின் சொத்தைப் பற்றிப் பேசுமிடத்தே பிள்ளையைப் பற்றியும் அது பேசிவிடுகின்றது.

நன்கொடை பற்றிய பகுதியில் வருகின்ற ஒரு செய்தி இங்குச் சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. கணவனும் மனைவியும் மனவேறுபாட்டினாற் பிரிந்து வாழும்போது பிள்ளைகள் தாயின் பக்கம் சார்ந்து அவளுடனேயே தங்கிவிடுவது பெருவழக்கு என்று தொகுப்பாசிரியர் குறிப்பிடுகின்றார். அவ்வாறான நிலையில் மனைவியின் சீதனத்தில் எப்பகுதியையும் நன்கொடையாக வழங்கும் உரிமை கணவனுக்கு இல்லை என்பது அதனோடு சேர்த்துக் கூறப்படும் விதி. இருவரும் இணங்கி வாழுங் காலத்தில் அவனுக்கிருந்த உரிமை, பிரிவோடு அற்றுப்போகின்றது.

இக்குறிப்பில் இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, பிரிந்த பெற்றோரின் பிள்ளைகள் தாயுடன் வளர்வது பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியப்புக்குரியதாக இருக்கவில்லை. ஊரறிந்த நடைமுறையாக இருந்தது. இரண்டாவது, பிள்ளை நிற்கும் பக்கத்தைப் பொறுத்தே சொத்தின் காவலும் அமைந்தது. தாயோடு தங்கிய பிள்ளைகளின் எதிர்காலத்துக்கு ஆதாரமாக இருந்தது அவளது சீதனமே. ஆதலின் அதனைத் தந்தை கைமாற்றிவிடாதவாறு வழமை தடுத்தது.

இந்நடைமுறைக்கான காரணத்தை நாம் குடியிருப்பு முறையிலே தேடவேண்டும். யாழ்ப்பாணத்தில் வீடும் வளவும் பெரும்பாலும் பெண்மக்களுக்கே சீதனமாகச் செல்கின்றன. மணமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து குடியிருப்பது பரவலான வழக்கம். உரும்பிராயில் ஒரே வேலிக்குள்ளோ அடுத்தடுத்த வளவுகளிலோ தாய், மணமான மகள், பேர்த்தி என்று மூன்று தலைமுறைப் பெண்கள் வாழ்வதை இன்றுங் காணலாம். சீதன உறுதிகளில் வீட்டோடு கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் சேர்த்தெழுதப்படுவதுண்டு. கிணற்று நீரை நம்பி வாழையும் புகையிலையும் வெங்காயமும் பயிரிடப்பட்ட இம்மண்ணில், கிணற்றுப் பங்கைப் பெற்ற பெண் பிழைப்புக்கான வழியையும் ஓரளவு பெற்றவளாவாள். இத்தகைய அமைப்பில் மணவாழ்வு முறியும்போது படலையைத் திறந்து வெளியேறுபவன் கணவனே. பிள்ளைகள் பிறந்த வீட்டிலேயே அம்மம்மாவின் அருகில் இருந்துவிடுகின்றனர். அவர்களை எங்கே அனுப்புவது என்ற கேள்வி பல வேளைகளில் எழுவதேயில்லை.

மறுமணம் பற்றிய விதிகளும் இதே போக்கினை உணர்த்துகின்றன. தந்தை இறந்தால், பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்போடு சொத்து முழுவதும் தாயிடம் தங்கியது. தாய் இறந்து தந்தை மறுமணஞ் செய்ய விரும்பினால், இளம்பிள்ளைகளை அவனது மாமனாரோ மாமியாரோ, அவர்கள் இல்லாவிடத்து நெருங்கிய உறவினரோ ஏற்று வளர்ப்பது வழக்கம் என்று தேசவழமை கூறுகின்றது. அப்போது இறந்த மனைவியின் சீதனம் முழுவதையும், முதல் மணத்தின்போது தேடியதேட்டத்திற் பாதியையும் பிள்ளைகளோடு அவன் ஒப்படைக்கவேண்டும். சிற்றன்னையின் வீட்டில் பிள்ளையும் அதன் சொத்தும் சீரழியக்கூடும் என்ற அச்சமே இவ்விதிக்கு அடிப்படையாகலாம். பிள்ளை செல்லுமிடத்துக்குச் சொத்தும் செல்லவேண்டும் என்பதே இவ்விதிகள் அனைத்திலும் இழையோடும் நெறியாகும்.

இவற்றைக் கொண்டு பழைய யாழ்ப்பாணம் தாய்மாரின் பொற்காலமாக விளங்கியது என்று முடிவுகட்டுவது பொருந்தாது. தாயின் வீடு என்பது பல வேளைகளில் அவளது தந்தையினதும் சகோதரர்களதும் அதிகாரத்துக்கு உட்பட்ட வீடேயாகும். தொகுப்புக்கு ஒப்புதலளித்த பன்னிருவரும் ஆண்கள். சமூகத்தின் மேல்நிலையில் இருந்தவர்கள். அதே தேசவழமையின் அடிமைகள் பற்றிய பகுதியில், ஒருவரின் அடிமையும் மற்றொருவரின் அடிமைப் பெண்ணும் கூடிப் பெற்ற பிள்ளைகள் அப்பெண்ணின் உடைமையாளருக்கே உரியர் என்ற விதி காணப்படுகின்றது. இங்கும் பிள்ளை தாயின் வழியே செல்கின்றது. ஆனால் அத்தாய்க்குத் தன் பிள்ளைமீது எவ்வுரிமையும் இல்லை. சீதனம் பெற்ற பெண்ணுக்குத் துணைநின்ற அதே தாய்வழித் தொடர்பு, உடைமையாக்கப்பட்ட பெண்ணிடமிருந்து பிள்ளையைப் பறிக்கும் கருவியாயிற்று. இலங்கையில் அடிமைமுறை 1844ஆம் ஆண்டிலேயே சட்டப்படி ஒழிக்கப்பட்டது. தாயுரிமை என்று நாம் இங்குப் பேசுவது நிலமுடைய குடும்பங்களின் பெண்களைப் பற்றியதே என்பதை மறத்தலாகாது.

ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை ஒருபுறமிருக்க, அவர்கள் கொணர்ந்த உரோமன்-டச்சுச் சட்டம் இலங்கையின் பொதுச்சட்டமாக நிலைபெற்றது. அவர்கள் காலத்தில் நிலவிய சட்டங்களே தொடரும் என்று பிரித்தானியர் 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் மூலம் அறிவித்தனர். தேசவழமை விதி கூறாத விடயங்களில் பொதுச்சட்டமே பின்பற்றப்படும் என்ற கொள்கையும் காலப்போக்கில் உறுதிபெற்றது. பிள்ளைகளின் கட்டுக்காப்பு இவ்வாறு பொதுச்சட்டத்தின் வசமாயிற்று. நன்கொடைப் பகுதியில் இடம்பெற்ற அந்தக் குறிப்பு ஊர்வழக்கைப் பற்றிய வருணனையாகவே எஞ்சியது. கட்டுக்காப்பு விதியாக வளரவில்லை.

பொதுச்சட்டத்தின் நோக்கு முற்றிலும் வேறானது. சட்டமுறை மணத்திற் பிறந்த பிள்ளையின் இயற்கைப் பாதுகாவலன் தந்தையே. மணப்பந்தம் நிலவும்வரை கட்டுக்காப்பில் அவனுக்கே முன்னுரிமை உண்டு. நீதிமன்றம் தீர்த்த மணநீக்கமோ பிரிவோ இல்லாத நிலையில், பிள்ளையின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்து என்பது போன்ற சிறப்புக் காரணம் காட்டப்பட்டாலன்றித் தந்தையின் கட்டுக்காப்பில் தலையிடமுடியாது என்று தென்னாபிரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் 1939ஆம் ஆண்டிற் கூறியது. அதே உரோமன்-டச்சு மரபைப் பின்பற்றிய இலங்கை நீதிமன்றங்களிலும் இக்கருத்துச் செல்வாக்குப் பெற்றது. மணவுறவுக்குப் புறம்பாகப் பிறந்த பிள்ளையின் பாதுகாவலர் தாயே என்பது அதே சட்டத்தின் மற்றொரு விதி. முறைப்படி மணந்த தாய்க்கு இல்லாத முன்னுரிமை மணமாகாத தாய்க்குக் கிடைத்தமை ஒரு முரண்நிலை எனலாம்.

தந்தையை முதன்மைப்படுத்தும் இந்நோக்கு ஒல்லாந்தர் மரபுக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்திலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை தந்தையின் உரிமை ஏறத்தாழ முழுமையானதாகவே இருந்தது. தன் மூன்று பிள்ளைகளிடமிருந்து பிரிக்கப்பட்ட எழுத்தாளர் கரோலின் நோர்ட்டன் நடத்திய இயக்கத்தின் பயனாக 1839ஆம் ஆண்டிற் சட்டமொன்று நிறைவேறியது. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் கட்டுக்காப்பைக் கோரித் தாய் நீதிமன்றத்தை அணுக அது வழிசெய்தது. பிள்ளையின் நலனே தலையாயது என்ற கொள்கை 1925ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அங்கு எழுத்துருப் பெற்றது. பிள்ளைகள் தாயுடன் தங்குவதை 1707இல் இயல்பான நடைமுறையாகப் பதிவுசெய்த சமூகம், ஐரோப்பியச் சட்டத்தின் கீழ் வந்தபின் அதனை மீண்டும் வாதாடிப் பெறவேண்டிய நிலைக்குள்ளானது.

ஆயினும் சட்டநூலில் எழுதப்பட்டது அப்படியே ஊரில் நடந்தது என்று கொள்ளமுடியாது. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச்சட்டத்தின்படி மணநீக்கம் பெறுவதற்குப் பிறர்மனை உறவு, தீயநோக்குடன் கைவிடல், மணத்தின்போதே இருந்த குணப்படுத்தமுடியாத ஆண்மையின்மை என்னும் குற்றங்களுள் ஒன்றை நிறுவவேண்டும். குடும்பத்தின் மானம் சந்தியில் ஏலம் போவதை விரும்பாத யாழ்ப்பாணத்தார் பலர் நீதிமன்றப் படியேறாமலே பிரிந்து வாழ்ந்தனர். 'அவர் தாய்வீட்டோடு போய்விட்டார்' என்று ஊர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிடும் பிரிவுகள் இவை. இவ்வாறு பிரிந்தோரின் பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் தந்தையின் கட்டுக்காப்புக்குரியோர். நடைமுறையில் தாயின் வளவில் வளர்ந்தோர்.

சட்டத்துக்கும் நடைமுறைக்கும் இடைப்பட்ட இவ்விடைவெளியின் சுமை தாய்மீதே விழுந்தது. யாழ்ப்பாண விவாக உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் மணமான பெண்ணின் சொத்தை அவளுடையதாகவே ஏற்றுக்கொண்டது. எனினும் அவள் தன் அசையாச் சொத்தை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்றும் விதித்தது. கணவன் கைவிட்டுச் சென்றிருந்தால் அச்சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். பிள்ளையின் படிப்புக்கோ மருத்துவத்துக்கோ தன் காணித்துண்டை ஈடுவைக்க நினைக்கும் தாய், தன்னை விட்டுச்சென்றவனின் கையொப்பத்தைத் தேடவேண்டும். அல்லாவிடின் வழக்குரைஞரைத் தேடவேண்டும். பழைய வழமை பிரிவு நிகழ்ந்ததும் கணவனின் கையைச் சொத்திலிருந்து விலக்கியது. புதிய கட்டளைச்சட்டம் பிரிவின் பின்னரும் அவன் கையொப்பத்தின் நிழலைச் சொத்தின்மீது நிலைக்கச் செய்தது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் முற்போக்கானது என்று பொதுவாகக் கூறப்படுவதுண்டு. பிரிந்த தாயின் நிலையிலிருந்து நோக்கும்போது அக்கூற்று மீள்பரிசீலனைக்குரியது என்பது என் கருத்தாகும்.

தாபரிப்புச் சட்டமே இத்தாய்மாருக்கு ஓரளவு எளிதில் எட்டக்கூடியதாக இருந்தது. 1889ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தின் கீழ், மனைவியையும் பிள்ளையையும் பராமரியாத கணவனிடமிருந்து மாதந்தோறும் பணம் பெற நீதவானிடம் முறையிடலாம். அக்கட்டளைச்சட்டத்தின் இடத்தைப் பெற்ற 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம், வசதியுள்ள பெற்றோர் எவராயினும் பிள்ளையைத் தாபரிக்கக் கடமைப்பட்டவர் என்று இக்கடமையைத் தந்தைக்கும் தாய்க்கும் பொதுவாக்கியது.

நீதிமன்றங்களின் நோக்கும் மாறாமலிருக்கவில்லை. மணநீக்க வழக்குகளிலும் பிரிவு வழக்குகளிலும் பிள்ளைகளின் கட்டுக்காப்புப் பற்றிக் கட்டளையிடும் அதிகாரத்தை 1889ஆம் ஆண்டுக் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை ஏற்கனவே அவற்றுக்கு வழங்கியிருந்தது. வழக்குத் தொடராது பிரிந்தோரின் பிணக்குகள் பெரும்பாலும் ஆட்கொணர்வு எழுத்தாணை மனுக்களாக உயர்நீதிமன்றத்தை எட்டின. 1950களிலிருந்து இம்மனுக்களில் இருவகைப் போக்குகள் தெரிகின்றன. தந்தையின் முன்னுரிமையிலிருந்து தொடங்கி அதற்கு விதிவிலக்கைத் தேடுவது ஒன்று; பிள்ளையின் நலனிலிருந்து தொடங்கி அதற்குள் பெற்றோர் இருவரின் உரிமைகளையும் மதிப்பிடுவது மற்றொன்று. பின்னைய போக்கே மெல்ல மெல்ல வலுப்பெற்றது. இளம்பிள்ளை தாயிடமிருப்பதே பொதுவாக நன்று என்ற எண்ணமும் அதனோடு வளர்ந்தது. இலங்கை 1991ஆம் ஆண்டிற் பிள்ளை உரிமைகள் சமவாயத்தை ஏற்றுக்கொண்டமை இப்போக்குக்கு மேலும் வலுவூட்டியது.

அண்டைச் சமூகங்களோடு ஒப்பிடுவதும் பயன்தரும். கண்டிச் சிங்களவரிடையே மனைவி கணவன் வீட்டுக்குச் செல்லும் 'தீக' மணமும், கணவன் மனைவியின் வீட்டுக்கு வரும் 'பின்ன' மணமும் வெவ்வேறாக இனங்காணப்பட்டன. குடியிருப்பு வேறுபாடு மரபுரிமையை நேரடியாகத் தீர்மானித்தது. யாழ்ப்பாணத்துக் கணவனும் பின்னக் கணவனைப் போலவே மனைவியின் வளவுக்கு வந்தவனாயினும், அக்குடியிருப்புக்கு உரிய சட்டப்பெயரோ விளைவோ இங்கு ஏற்படவில்லை. இந்தியாவில் 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் தந்தையையும், 'அவருக்குப் பின்' தாயையும் இயற்கைக் காப்பாளராகக் கூறியது; ஐந்து வயது நிரம்பாத பிள்ளையின் பொறுப்பு வழமையாகத் தாயிடம் இருக்கும் என்றும் விதித்தது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில் 1999ஆம் ஆண்டு இந்திய உச்ச நீதிமன்றம், 'பின்' என்பது தந்தையின் இறப்புக்குப் பின் என்று மட்டும் பொருள்படாது, அவர் இல்லாத அல்லது அக்கறை கொள்ளாத நிலையையும் குறிக்கும் என்று விளக்கியது. ஒரு சொல்லின் பொருளுக்காகவும் தாய்மார் நீதிமன்றம் செல்லவேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்தில் இவ்வளர்ச்சிகள் அனைத்தையும் போர் ஊடறுத்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் தம் வீடுவாசல்களை விட்டுத் தென்மராட்சிக்கும் அங்கிருந்து பலர் வன்னிக்கும் பெயர்ந்தபோது, உரும்பிராயும் ஏனைய ஊர்களைப் போலவே வெறிச்சோடியது. தாய்வளவு என்ற ஆதாரமே அன்று ஆட்டங்கண்டது. சிறையில் இருந்தோர், காணாமலாக்கப்பட்டோர், கடல்கடந்து அகதிகளாகச் சென்றோர் ஆகியோரின் பிள்ளைகளைப் பேரன்மாரும் பேத்திமாரும் வளர்த்தனர். பெற்றோர் மனம் விரும்பிப் பிரியாத இந்நிலைகளைப் பழைய விதிகள் எதிர்நோக்கியிருக்கவில்லை. முன்னர் கட்டுக்காப்பு வழக்குகளில் வழங்கிய ஆட்கொணர்வு எழுத்தாணை, இக்காலத்தில் மகனைத் தேடும் தாயின் கடைசி ஆயுதமாக யாழ்ப்பாணத்தாருக்கு அறிமுகமாயிற்று. இருக்கிறாரா இல்லையா என்பதே தெரியாத தந்தையின் முன்னுரிமையை எவ்வாறு கணக்கிடுவது? காணாமற்போனோர் பற்றிய சான்றிதழொன்றை வழங்கும் ஏற்பாடு 2016ஆம் ஆண்டிலேயே சட்டமாயிற்று. அதுவரை இத்தகைய தாய்மார் பலர் விதவைகளுமல்லர், மனைவியருமல்லர் என்ற நிலையிலேயே பிள்ளைகளை வளர்த்தனர்.

புலம்பெயர்வு பிணக்கின் எல்லைகளையும் விரித்தது. இன்று பெற்றோருள் ஒருவர் உரும்பிராயிலும் மற்றவர் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கலாம். பிள்ளையை ஒருவர் மற்றவரின் சம்மதமின்றி நாடுவிட்டு நாடு கொண்டுசெல்லும் பிணக்குகளுக்கென 1980ஆம் ஆண்டின் ஹேக் சமவாயம் உள்ளது. அதனைச் செயற்படுத்த இலங்கையில் 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளை வழமையாக வாழ்ந்த நாட்டுக்கு அதனை மீள அனுப்புவதே இதன் நோக்கம். கட்டுக்காப்பு யாருக்கு என்பதை அந்நாட்டு நீதிமன்றமே தீர்மானிக்கும். பிள்ளை எந்த வளவில் வாழ்ந்தது என்று முன்னர் ஊர் கேட்ட கேள்வியையே, எந்த நாட்டில் வாழ்ந்தது என்று இன்று சட்டம் கேட்கின்றது.

இதுவரை நோக்கியவற்றைத் தொகுத்துக் கூறின், யாழ்ப்பாணத்திற் கட்டுக்காப்பின் வரலாற்றை அறியாமையிலிருந்து அறிவை நோக்கிய நேர்கோட்டுப் பயணமாகக் கொள்ளமுடியாது. தாயிடம் பிள்ளை தங்கும் நடைமுறை முன்னரே இருந்தது. பொதுச்சட்டம் அதனை மறைத்தது. நலன் என்ற கொள்கை அதனை வேறொரு பெயரில் மீட்டது. அவ்வாறு மீட்டபோது பழைய வழமையின் ஒரு பாதி கைவிடப்பட்டது. பிள்ளையோடு அதன் வாழ்வாதாரமும் செல்லவேண்டும் என்பதே அப்பாதி. கட்டுக்காப்பைத் தாய்க்கு வழங்கும் நீதிமன்றம், அவள் காணியைக் கையாளும் உரிமையை இன்றும் கணவனின் சம்மதத்தோடு பிணைத்து வைத்துள்ள சட்டத்தின் கீழேயே இயங்குகின்றது. 1911ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின் இவ்விதி நீக்கப்படுதல் வேண்டும்.

மற்றொன்றும் கூறவேண்டியுள்ளது. பெற்றோருள் யாருக்குப் பிள்ளையை வழங்குவது என்றே பிற்காலச் சட்டங்கள் பேசுகின்றன. அவற்றில் பிள்ளை பெறப்படும் பொருளாகவே நிற்கின்றது. தன்னைப் பற்றிய விடயங்களிற் கருத்துக்கூறும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்பதைப் பிள்ளை உரிமைகள் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை இக்காலத்தில் வலியுறுத்துகின்றது. தேசவழமையின் அந்தச் சிறு குறிப்பிலோ, தாயின் பக்கம் சார்வோரும் அவளோடு தங்குவோரும் பிள்ளைகளே. தொகுப்பாசிரியர் அதனைக் கருதியே எழுதினார் என்று நாம் கொள்ளவேண்டியதில்லை. கண்டதை அவர் கண்டவாறு எழுதியிருக்கலாம். எனினும் பிள்ளைகளுக்கும் ஒரு பக்கம் உண்டு என்பதை அவர் கண்டார். நமது மாவட்ட நீதிமன்றங்களில் ஒவ்வொரு கட்டுக்காப்பு வழக்கும் அதனைக் கேட்டறிவதிலிருந்து தொடங்குமாயின், சட்டம் வழமையிடமிருந்து கற்கவேண்டியதைக் கற்றுக்கொண்டதாகும்.